முட்டுக்கட்டை போடுங்கள்!



கொஞ்சம் நீளமான பதிவு. லைக் போட்டுவிட்டு இறங்கிப் போகாமல் வாசியுங்கள். லொறி, கன்டர், பட்டா, டிப்பர், பவுசர், ட்ரக்டர் பெட்டி, லேண்ட் மாஸ்டர் வைத்திருக்கும் சகோதரர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். அவர்கள் வீட்டுப் பெண்கள் வாசித்துச் சொன்னால் இன்னும் நல்லது. வாத்திமார் பேச்சை விட அந்தப் பேச்சு கொஞ்சம் எடுபடும்.

விசயம் இதுதான். நிறுத்தி வைத்த வாகனத்தின் சில்லுக்குக் கட்டை வைக்கிற பழக்கம் நம் ஊர்களில் செத்துப் போய்விட்டது. வாப்பாமார் மாட்டு வண்டில் ஓட்டிய காலத்தில் வண்டிலை நிறுத்தினால் முதல் வேலை சில்லுக்கு அடை வைப்பது. மாட்டை அவிழ்ப்பது அதற்குப் பிறகுதான். முட்டுக்கட்டை என்று அதற்கு அருமையான ஒரு சொல்லும் நம் தமிழில் இருக்கிறது. அந்தச் சொல் இன்று எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தேர்தல் மேடையில் இருக்கிறது. "அபிவிருத்திக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள்" என்று இரண்டு கட்சியும் மாறி மாறித் திட்டுவதற்கு மட்டும் அதை வைத்திருக்கிறோம். உயிர் காத்த பொருளை ஏச்சுச் சொல்லாக்கிய சமூகம் நாம்.

வாகனம் தானாக உருண்டு போவது நமக்கு ஒரு பகிடி. யாரும் ஓட்டாமல் ஒரு கன்டர் ரிவேஸில் போய்க் கடைக் கதவை இடிக்கிற சிசிடிவி காட்சி வந்தால், சிரிக்கிற பொம்மை போட்டு ஷெயார் பண்ணுகிறோம். "ஜின் ஓட்டியிருக்கும்" என்று ஒருவர் கொமெண்ட் போடுவார், அதற்கு எண்பது லைக் விழும். அதே காட்சியில் கன்டருக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு பிள்ளை நின்றிருந்தால்? அப்போது இன்னாலில்லாஹி போடுவோம். இரண்டு காட்சிக்கும் இடையில் இருப்பது ஒரு மரத்துண்டுதான்.

சுபஹுத் தொழுதுவிட்டுக் கல்முனைச் சந்தைப் பக்கம் போய்ப் பாருங்கள். தம்புள்ளையில் இருந்து மரக்கறி லொறி வந்து நிற்கும். மீன் கூலர் நிற்கும். பின்கதவைத் திறந்து, முதுகைக் காட்டி, பொடியன்மார் மூடை இறக்குவார்கள். லொறிக்குப் பின்னால் மூன்று நான்கு பேர், அதற்குப் பின்னால் கடைச் சுவர். ஒரு சில்லுக்காவது கட்டை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பத்தில் ஒன்றுக்கு ஏதாவது இருக்கும். அதுவும் பாதிச் செங்கல், அல்லது தேங்காய் மட்டை.

கேட்டால் எல்லோரும் சொல்கிற பதில் ஒன்றுதான்: "இங்க என்ன சேர், மலையா கிடக்கு? நுவரெலியாவுல கேக்க வேண்டிய கதை இது."

சரி, கணக்குப் பார்ப்போம். நாங்கள் படிப்பிக்கிற பாடம்தானே. பெரிய வீதி எதுவும் பலகை போல் மட்டமாக இல்லை. மழைத் தண்ணீர் வடிகானுக்கு ஓட வேண்டும் என்பதற்காக, நடுவில் உயர்த்தி ஓரம் தாழ்த்தித்தான் போடுகிறார்கள். வழமையாக நூறு அடிக்கு இரண்டு, மூன்று அடி சரிவு. வீதி ஓரமாக நீட்டுக்கு நிறுத்தினால் அந்தச் சரிவு பெரிதாகத் தெரியாது. ஆனால் நம் லொறிகள் எப்படி நிற்கின்றன? வீதிக்குக் குறுக்கே, பின்பக்கம் கடையைப் பார்த்து. அதாவது சரிவின் நேர்கோட்டில். ஐந்து தொன் லொறி, நூற்றுக்கு இரண்டரைச் சரிவு என்று வையுங்கள். கீழ்நோக்கித் தள்ளுகிற விசை 125 கிலோ பாரத்துக்குச் சமம். நல்ல காற்றுள்ள டயர் தார் வீதியில் உருள்வதற்குக் காட்டுகிற எதிர்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று, அதாவது 50 கிலோ. மிச்சம் 75 கிலோ. ஒரு ஆள் தோளைக் கொடுத்து விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக் விட்டால் அந்த லொறி பத்து மீற்றர் போக 12 செக்கன் எடுக்கும். போய்ச் சேரும்போது வேகம் மணிக்கு ஆறு கிலோமீற்றர்.

ஆறு கிலோமீற்றர் என்பது நாம் கொஞ்சம் எட்டி நடக்கிற வேகம். ஆபத்தே அங்குதான் இருக்கிறது. மெதுவாக வருவதால் சத்தமே இல்லை. மெதுவாக வருவதால் "பிடிச்சிரலாம்" என்று ஒருவர் கையைக் கொடுக்கிறார். ட்ரைவர் ஓடிப் போய்க் கதவைத் திறந்து பாய்ந்து ஏறப் பார்க்கிறார், கால் வழுக்குகிறது. ஐந்து தொன்னுக்கு மனிதக் கை ஒரு பொருட்டே இல்லை. சுவரில் சாய்ந்து நிற்கிறவருக்கு ஆறு கிலோமீற்றரும் அறுபது கிலோமீற்றரும் ஒன்றுதான்.

வீதிச் சரிவு மட்டுமா? கிட்டங்கிப் பாலத்துக்கு ஏறுகிற இடம், மாவடிப்பள்ளிப் பக்கம், கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கைகள், வள்ளம் ஏற்றி இறக்குகிற மணல் இறக்கம், ஒலுவில் துறைமுகப் பக்கம், வீட்டு கேட்டுக்கு முன்னால் நாமே கொங்கிறீட் போட்டு உயர்த்திய சின்னச் சரிவு. மலை இல்லாத ஊரில் இவ்வளவு இருக்கிறது.

இரண்டாவது பதில்: "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கன்."

போட்டிருப்பீர்கள். வெறும் லொறிக்குப் போட்டீர்கள். பிறகு அதில் அறுவடை நேரம் நூறு மூடை நெல் ஏறுகிறது. வெறும் வண்டியைப் பிடித்து நிறுத்தப் போதுமாக இருந்த அதே பிடி இரண்டு மடங்கு பாரத்தைப் பிடிக்குமா? அதுவும் ஒவ்வொரு மூடையும் "தொப்" என்று விழும்போது வண்டி ஆடுகிறது, கேபிள் தளர்ந்த பழைய வண்டி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு நூல் நகர்கிறது. கியரில் போட்டு நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கம்ப்ரெஷன் போன பழைய எஞ்சின் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும் என்பது கராஜ்காரர் எல்லோருக்கும் தெரியும்.

இனிச் சொல்லப் போவதை டயர் மாற்றுகிறவர்கள் மனப்பாடம் பண்ண வேண்டும். கன்டர், எல்ஃப் போன்ற ஜப்பான் லைட் லொறிகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் ப்ரொபெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. நான்கு சில்லும் நிலத்தில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. பின் சில்லு ஒன்றை ஜெக் வைத்துத் தூக்கிய கணத்தில் கதை மாறுகிறது. ஷாஃப்ட் பூட்டித்தான் இருக்கும், ஆனால் டிஃபரன்ஷியல் என்ற சாமான் என்ன செய்யும்? தூக்கிய சில்லு ஒரு பக்கம் சுற்ற, நிலத்தில் நிற்கிற சில்லு மறுபக்கம் தாராளமாக உருளும். ஹேண்ட் பிரேக் முழுக்க இழுத்தபடியே இருக்க, லொறி ஜெக்கில் இருந்து நழுவி உங்கள் மேல் வரும். கியரில் போட்டிருந்தாலும் இதே கதைதான். மற்றப் பக்கச் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் பின் சில்லைத் தூக்குகிறவர், தன் உயிரை ஒரு ஜெக்கின் தலையில் வைத்துவிட்டுக் கீழே படுக்கிறார். வல்கனைசிங் கடையில் வேலை பழகுகிற பதினாறு, பதினேழு வயதுப் பொடியன்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? அவர்களில் பலர் எங்களிடம் படித்துவிட்டுப் போனவர்கள். அதனால்தான் இந்த எரிச்சல்.

ட்ரக்டர் பெட்டி இன்னொரு கதை. நம் பகுதியில் ஓடுகிற பெட்டிகளில் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. ட்ரக்டரோடு கொழுவி இருக்கும்வரை ட்ரக்டரின் பிரேக். கழற்றிவிட்டால் அது வெறும் சில்லுப் பூட்டிய பெட்டகம். நமக்குத் தெரிந்த ஒரு பாடசாலை வளவில், கட்டட வேலைக்குக் கல் கொண்டு வந்த பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு ட்ரக்டர் மட்டும் போனது. இடைவேளைக்குப் பிள்ளைகள் அதில் ஏறி இறங்கி விளையாடியதில் பெட்டி நகர்ந்து, சைக்கிள் நிறுத்துகிற கொட்டிலில் போய் முட்டி நின்றது. ஆறேழு சைக்கிள் நெளிந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். பெட்டிக்காரரிடம் கேட்டபோது வந்த பதில்: "புள்ளயளப் பாக்குறது உங்கட வேல சேர்." பிள்ளையைப் பார்ப்பது எங்கள் வேலைதான். பெட்டிக்குக் கட்டை வைப்பது யாருடைய வேலை?

மூன்றாவது பதில்தான் எங்களைக் கூடுதலாக வருத்துகிறது. "எல்லாம் களா கத்ர். வாற மௌத்து வரும்."

நாங்கள் மௌலவிமார் இல்லை, கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுக்கிறவர்கள். ஆனாலும் மதரசாவில் முதலாவது ஆண்டில் ஓதிய விசயம் ஒன்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டுவதா, அவிழ்த்து விட்டுவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதா என்று ஒருவர் ரசூலுல்லாஹ்விடம் கேட்டார். முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதிலின் சாரம். அனஸ் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் வழியாகத் திர்மிதியில் வருகிறது. இதை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம்! பரீட்சைக்கும் வியாபாரத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் உதாரணமாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அது எதைப் பற்றிய கேள்வி என்று யோசித்தோமா? நிறுத்தி வைத்த வாகனத்தைப் பற்றிய கேள்வி! அந்தக் காலத்து வாகனம் ஒட்டகம். இறங்கிப் போகிற ஒருவர், தான் திரும்பி வரும்வரை அது நின்ற இடத்தில் நிற்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இதற்கு மேல் நேரடியான கட்டளை கன்டர்காரருக்கு வேறு என்ன வேண்டும்?

இன்னொன்று. தவறுதலாக ஒருவரைக் கொன்றவர் மேலும் நம் மார்க்கம் தியத்தும் கஃப்பாராவும் வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் கத்ர் என்ற ஒரு சொல்லில் மூடிவிடலாம் என்றால் அவை எதற்கு? மௌத்து வீட்டில் போய், நட்டஈடு என்று கொஞ்சக் காசைக் கையில் வைத்து, "அல்லாஹ்ட நாட்டம்" என்று சொல்லிவிட்டு வருகிறவர், தன் பொறுப்பை அல்லாஹ்வின் மேல் ஏற்றிவிட்டு வருகிறார். இதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் சொல்லாமல் இருப்பது ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. லொறிச் சங்கத் தலைவரும் முன் ஸஃப்பில் நிற்பதாலோ என்னவோ.

2024 நவம்பர் 26 ஆம் திகதி மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியில் ட்ரக்டரோடு மதரசாப் பிள்ளைகளை இழந்தோம். அது கட்டை வைக்காததால் வந்தது இல்லை, அதையும் இதையும் குழப்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம் என்பதுதான் இங்கே பொருத்தம். இந்தக் கரையே அழுதது. குத்பாக்கள் நடந்தன. கவிதைகள் வந்தன. பிள்ளைகளை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றுவதை நாம் விட்டோமா? வெளியே போய் நின்று பாருங்கள்.

பிள்ளைகள் என்றதும் சொல்ல வேண்டிய ஒரு சம்பவம் இருக்கிறது. 1889 ஜூன் 12. அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊர். அங்குள்ள ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் ரயிலில் கடற்கரைச் சுற்றுலா புறப்பட்டார்கள். நம் குர்ஆன் மதரசாப் பிள்ளைகள் சுற்றுலா போவது மாதிரித்தான். 15 பெட்டி. ஏற்றத்தில் எஞ்சின் இழுக்க மாட்டாமல் நின்றுவிட்டது. பொறுப்பாக இருந்தவர் என்ன செய்தார் தெரியுமா? ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து மற்றதை எடுக்கலாம் என்றார். எஞ்சினில் இருந்து கழன்றதும் பின்பாதிப் பெட்டிகளுக்கு மிஞ்சியது கடைசி வேனில் இருந்த ஒரே ஒரு கைப்பிரேக். பத்துப் பெட்டிக்கு அது போதாது என்று அவர்களுக்கும் தெரியும். ஆகவே சில்லுகளுக்குக் கீழே கல் வைத்தார்கள். பாதை ஓரத்தில் கிடந்த கல். பிறகு முன்பாதி கழற்றும்போது கொஞ்சம் பின்னுக்கு வந்து இடித்தது. லேசான இடிதான். கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டியும் இறக்கத்தில் பின்னோக்கி ஓடி, அடுத்ததாக வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலில் மோதியது. 80 பேர் இறந்தார்கள். அதில் நிறையப் பிள்ளைகள்.

அங்கே வைத்தது கட்டை இல்லை, கையில் அகப்பட்ட கல். நம் பாதிச் செங்கலின் பெரியப்பா. அடுத்ததைக் கவனியுங்கள்: அதே ஆண்டிலேயே பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டது. பயணிகள் ரயிலில் பெட்டி கழன்றால் தானாகப் பிடிக்கிற பிரேக் எல்லாப் பெட்டிக்கும் இருந்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அவர்களும் தேவாலயத்துக்குப் போய் அழுதவர்கள்தான். அழுதுவிட்டுச் சட்டமும் போட்டார்கள்.

கிட்டத்து உதாரணம் வேண்டுமா? 2024 பெப்ரவரி 25 இல் இந்தியாவில் ஜம்முப் பக்கம் கத்துவாவில் நிறுத்தி வைத்த சரக்கு ரயில் ஒன்று, ஓட்டுநர் இல்லாமல் புறப்பட்டு 70 கிலோமீற்றருக்கு மேல் ஓடிப் பஞ்சாபுக்குள் போனது. ஒருவரும் சாகவில்லை. கடைசியில் அதை நிறுத்தியது தண்டவாளத்தில் வைத்த மரக்கட்டைகள். முதலிலேயே அந்தக் கட்டைகள் சரியாக இருந்திருந்தால் அது புறப்பட்டே இருக்காது.

உம்றாவுக்குப் போனவர்கள் ஞாபகப்படுத்திப் பாருங்கள். விமானம் வந்து நின்றதும் கீழே ஒரு ஆள் ஓடி வந்து சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார். கோடிக்கணக்கான பெறுமதியான விமானம், அதில் இல்லாத பிரேக்கா? வைக்கிறார்கள். ஜேர்மனியில் பொதுவாக நான்கு தொன்னுக்கு மேற்பட்ட லொறியும் 750 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டியும் கட்டை இல்லாமல் வீதிக்கு வரவே முடியாது, சட்டம். சவூதியிலும் கத்தாரிலும் கம்பனி வாகனம் ஓட்டிய நம் ஊர்ச் சகோதரர்களைக் கேளுங்கள். அங்கே கட்டை வைக்காமல் இறங்கினால் சேஃப்டிக்காரன் எழுதிக் கொடுத்துவிடுவான் என்று பயந்து, ஒரு நாள் தவறாமல் வைத்தவர்கள். கட்டுநாயக்கவில் இறங்கியதும் அந்தப் பழக்கம் எங்கே போகிறது? அரபிக்குப் பயந்து செய்ததை நம் பிள்ளைகளுக்காகச் செய்யக் கூடாதா?

இனிக் கல்லைப் பற்றி. கல் வைக்கிறவர்களோடும் எங்களுக்குச் சண்டை இருக்கிறது. வைத்தவர் வாகனத்தை எடுத்துக்கொண்டு போவார், கல் வீதியில் கிடக்கும். இரவு பத்து மணிக்கு லைட் இல்லாத இடத்தில் பொடியன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து அதில் ஏறுவான். ஒரு உயிரைக் காக்க வைத்த கல் இன்னொரு உயிரை எடுக்கும். வீதியில் கிடக்கிற தொந்தரவை அகற்றுவது ஈமானின் கிளை என்று ஓதிவிட்டு, நாமே கொண்டுபோய்ப் போடுகிறோம்.

ஆகவே கட்டை. எப்படி இருக்க வேண்டும்? முதிரை, பாலை, வேம்பு போல வைரமான மரத்தில் ஆப்பு வடிவத்தில் அறுத்தெடுங்கள். அல்பீசியா வேண்டாம், பிளந்துவிடும். உயரம் சில்லின் உயரத்தில் கால்வாசியாவது வேண்டும். கன்டர் டயர் முப்பது அங்குலம் வரும், அதற்கு ஏழரை அங்குலக் கட்டை. உருண்டை மரம் வேண்டாம், அதுவும் சேர்ந்து உருளும். சரிவில் நின்றால் இறக்கப் பக்கமாக இரண்டு பின் சில்லுக்கும் வையுங்கள். மட்டமான தரையில் ஒரு சில்லுக்கு முன்னும் பின்னும். டயரோடு ஒட்டி இருக்க வேண்டும், இடைவெளி விட்டு வைத்தால் வண்டி வேகமெடுத்து ஏறிக் கடந்துவிடும். கட்டையில் ஒரு துளை போட்டு நைலோன் கயிறு கட்டி, மறுமுனையை வண்டியிலேயே கட்டிவிடுங்கள். எடுக்கும்போது சில்லுக்குக் கீழே கை போட வேண்டியதில்லை, வீதியில் விட்டுவிட்டுப் போகவும் மாட்டீர்கள். ஹேண்ட் பிரேக்கும் கியரும் வழமை போல் போட வேண்டும். கட்டை அவற்றுக்குப் பதில் இல்லை, அவற்றோடு சேர்த்து.

மரத் தளபாடக் கடைகளில் இந்த அளவுத் துண்டுகள் அடுப்புக்குப் போகின்றன. கேட்டால் சும்மா தருவார்கள். ஆக, காசும் ஒரு காரணம் இல்லை. மிஞ்சுவது ஒன்றுதான், வெட்கம். கட்டை வைக்கிற ட்ரைவரைப் பார்த்து, "மச்சான் பிரேக் இல்லாத வண்டியா ஓட்டுறாய்?" என்று மற்றவன் பகிடி பண்ணுவான். இந்தப் பகிடிக்குப் பயந்து முப்பது வருட அனுபவமுள்ள காக்காமாரும் கட்டையை சீட்டுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறார்கள். அனுபவம் ட்ரைவருக்கு. இறங்கிப் போன பிறகு வண்டிக்குள் யாருடைய அனுபவம் இருக்கிறது?

கேட்பது இவ்வளவுதான். சந்தையில் சாமான் இறக்குகிற லொறிக்குக் கட்டை இல்லாவிட்டால் மூடை இறக்குவதில்லை என்று நாட்டாமைச் சகோதரர்கள் முடிவெடுங்கள். நிற்பது உங்கள் முதுகு. அரிசி ஆலை முதலாளிமார் கேட்டிலேயே நான்கு சோடி கட்டை வைத்து, உள்ளே வருகிற எல்லா வாகனத்துக்கும் போட வையுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஜும்ஆ நேரம் பள்ளிக்கு முன்னால் நிறுத்துகிற பாரவாகனங்களுக்கு ஒரு அறிவித்தல் கொடுங்கள். செருப்பு விசயத்துக்கு இவ்வளவு அறிவித்தல் கொடுக்கிறோம். மாநகர சபை குப்பை ட்ரக்டர்களுக்கும் பவுசர்களுக்கும் முதலில் போட்டுக் காட்டட்டும், ஊர் பின்னால் வரும்.

எங்கள் பக்கத்திலும் ஒரு முடிவெடுத்திருக்கிறோம். சுற்றுலாவுக்கு பஸ் பேசும்போது இதுவரை ஏசி, பாட்டுப் பெட்டி, டிவி எல்லாம் கேட்டோம். மகியங்கனையால் பதினெட்டு வளைவு ஏறி மலைநாட்டுக்குப் போய், அருவிக்குப் பக்கத்தில் இறக்கத்தில் நிறுத்தி, ஐம்பது பிள்ளைகளை அந்த பஸ்ஸுக்கு முன்னாலும் பின்னாலும் நடக்க விடுகிறோம். இனி பஸ்காரரிடம் முதல் கேள்வி கட்டை இருக்கிறதா என்பதுதான். இரண்டு சோடி, கயிறு கட்டியது. இல்லாவிட்டால் அட்வான்ஸ் இல்லை. பெற்றோரும் கேளுங்கள்.

பத்தாம் ஆண்டுப் பொடியன்மார் பின்னேரங்களில் நின்று இருபத்திரண்டு சோடி அறுத்து முடித்திருக்கிறார்கள், மஞ்சள் பெயின்ட்டும் அடித்தாயிற்று. வேண்டியவர்கள் அஸருக்குப் பிறகு பாடசாலைப் பின் கேட்டால் வந்து எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம். டயர் உயரத்தை அளந்துகொண்டு வாருங்கள்.